டிரை ஷாம்பூ தலையைக் கழுவாது

1/
டிரை ஷாம்பூ பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற, நைட் ஷிஃப்ட் போகிற பெண் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் படிங்க. நான் தோல் நிபுணர் இல்லை. தினமும் ஓபி பார்க்கிற பொது மருத்துவர். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

2/
ஒன்றரை மாதம் முன்னாடி ஒரு பொண்ணு வந்தாங்க. வயது 24. நைட் ஷிஃப்ட் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். (அவங்க அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"முடி கொத்து கொத்தா கொட்டுது மேடம். அரிப்பு தாங்க முடியல. தலையைச் சொறிஞ்சா நகத்துல வெள்ளையா வருது."

வகிடெடுத்துப் பார்த்தேன். தோல்மேல் மாவு பிசைந்து அப்பின மாதிரி ஒரு படலம். அதை விலக்கினால் அடியில் சிவந்த தோல், மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கோடு செதில்கள். காதுக்குப் பின்னாடியும் அதே.

3/
"தலைக்கு என்னம்மா போடுறீங்க?"

"டிரை ஷாம்பூ மேடம். முதல்ல வாரத்துக்கு ஒரு தடவைதான் போட்டேன். இப்ப தினமும்."

"கடைசியா தலைக்குக் குளிச்சது எப்ப?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "பதினஞ்சு நாள் இருக்கும் மேடம்."

எல்லா டாக்டரும் செய்வதை நானும் செய்தேன். அட்வைஸ். "அதை முதல்ல தூக்கிப் போடுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்குக் குளிங்க. அப்புறம் பார்க்கலாம்."

4/
அதற்கு அந்தப் பொண்ணு சொன்ன பதில்தான் இந்த இழைக்கே காரணம்.

"மேடம், எங்க ஹாஸ்டல்ல காலைல ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்தான் தண்ணி. ஒரு பாத்ரூமுக்கு ஆறு பேரு. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சேர்றதே எட்டு மணிக்கு. இடுப்பு வரைக்கும் முடி இருக்கு. நான் எப்ப மேடம் தலைக்குக் குளிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. மருந்து எழுதத் தெரிந்தது, இதற்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

5/
சரி, முதலில் டிரை ஷாம்பூ என்றால் என்ன?

பெயரில்தான் ஷாம்பூ இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவு. அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு என்று ஏதாவது ஒரு ஸ்டார்ச். சிலவற்றில் சிலிக்கா அல்லது களிமண் வகைத் தூள். கொஞ்சம் ஆல்கஹால், கொஞ்சம் வாசனை. ஸ்பிரே டப்பா என்றால் இதையெல்லாம் வெளியே தள்ள பியூட்டேன், புரோப்பேன் மாதிரி வாயுக்கள். ஆமாங்க, நம்ம வீட்டு சமையல் சிலிண்டரில் இருக்கிற அதே வாயுக் குடும்பம்தான். இதைப் பிறகு பார்ப்போம்.

6/
வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. அடுப்படியில் எண்ணெய் கொட்டிவிட்டால் அம்மா என்ன செய்வாங்க? ஒரு கைப்பிடி மாவைத் தூவுவாங்க. மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தலையில் நடப்பதும் அதேதான். மாவு எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சுவதால் முடி புசுபுசுவென்று தெரியும்.

ஆனால் அம்மா அதோடு விடுவாங்களா? அந்த மாவைக் கூட்டி அள்ளி, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. நாம் தலையில் மாவைத் தூவிவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறோம். மறுநாள் அதற்கு மேலேயே இன்னொரு தூவல்.

டிரை ஷாம்பூ அழுக்கை நீக்காது. அழுக்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

7/
இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் தலைமுடிக்கும் விக்குக்கும் ஸ்டார்ச் தூள் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். 1795இல் பிரிட்டன் அரசாங்கம் இந்தத் தூளுக்கு வரியே போட்டது. தூள் போடுகிறவர் வருடத்துக்கு ஒரு கினி கட்ட வேண்டும். 1940களில் அமெரிக்காவில் இதே சங்கதி டப்பாவில் அடைத்த தூளாகக் கடைக்கு வந்தது. இன்று ஸ்பிரேயாக நம் கைப்பைக்குள் இருக்கிறது. மாவு அன்றைக்கும் மாவு, இன்றைக்கும் மாவு.

8/
இப்போது தலைக்கு வருவோம்.

நாம் கண்ணாடியில் பார்த்துக் கவலைப்படுகிற முடி உயிரில்லாதது. வெட்டினால் வலிக்காது. உயிரோடு இருப்பது அடியில் இருக்கிற தோல், அதாவது ஸ்கால்ப். நான் தலைத்தோல் என்றே சொல்கிறேன். ஏன்னா அது தோல்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முகத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறோம். முகத்தைப் போலவே எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கிற தலைத்தோலை முடி மூடியிருப்பதால் கண்டுகொள்வதே இல்லை.

அங்கே சுரக்கிற எண்ணெயின் பெயர் சீபம். அது அழுக்கு இல்லை. தோலுக்கு ஒரு பாதுகாப்பு. நாள்கணக்கில் தேங்கி நிற்கும்போதுதான் பிரச்சினை.

9/
காரணம், அந்த எண்ணெயைத் தின்று வாழ ஒரு ஆள் அங்கே குடியிருக்கிறார். மலசீசியா என்கிற ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை. பயப்பட வேண்டாம், எல்லார் தலையிலும் இருக்கிறது. என் தலையிலும் இருக்கிறது.

இது சீபத்தில் உள்ள கொழுப்பை உடைத்துத் தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தோலிலேயே விட்டுவிடும். அந்த மிச்சத்தில் உள்ள ஓலிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலை உறுத்தும். உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கும். இதுதான் பொடுகு. இதுவே முற்றிச் சிவந்து, எண்ணெய்ச் செதில் படிந்தால் செபோரிக் டெர்மடைட்டிஸ். அந்தப் பொண்ணுக்கு இருந்தது இதுதான்.

10/
இதில் கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, பொடுகு தொற்றுநோய் இல்லை. சீப்பைப் பகிர்ந்ததால் வந்துவிட்டது என்று ரூம்மேட்டோடு சண்டை போடாதீங்க. (பேன் வேறு கதை, அது பரவும்.)

இரண்டு, பொடுகு வந்தவர் சுத்தமில்லாதவர் என்று அர்த்தம் இல்லை. உடல்வாகு, மன அழுத்தம், தூக்கமின்மை எல்லாம் இதில் சேரும். நைட் ஷிஃப்டில் கடைசி இரண்டும் இலவசம்.

மூன்று, பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. "தலை காய்ஞ்சு போச்சு, நல்லா எண்ணெய் வை" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு எண்ணெய் வைத்துக் கழுவாமல் விட்டால், அந்தப் பூஞ்சைக்கு இலை போட்டு விருந்து வைக்கிறோம்.

11/
"அப்போ டிரை ஷாம்பூ போட்டா சொட்டை ஆகுமா?"

நேர்மையாகச் சொல்கிறேன். டிரை ஷாம்பூ நேராக வழுக்கையை உண்டாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எப்போதாவது போட்டு, அடுத்த நாள் தலையைக் கழுவிவிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கழுவாமல் அடுக்கடுக்காகப் போடும்போது படலம் கட்டும். அரிப்பு வரும், சொறிவோம், அழற்சி கூடும், முடி உதிர்வும் கூடும். டப்பாவின் குற்றம் பாதி. கழுவாததன் குற்றம் மீதி.

12/
இன்னொரு கணக்கு சொல்கிறேன். பல பேருடைய பயம் இதில் போய்விடும்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. தினமும் தலைக்குக் குளிக்கிறவருக்கு அது அன்றன்றைக்குப் போய்விடும். பதினைந்து நாள் கழித்துக் குளிக்கிறவருக்கு அதுவரை உதிர்ந்து மற்ற முடியோடு சிக்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நாளில் கையோடு வரும். பாத்ரூம் ஜாலி அடைத்துக்கொள்ளும். "ஐயோ, தலைக்குக் குளிச்சாலே முடி கொட்டுதே" என்று பயந்து, குளிப்பதை இன்னும் தள்ளிப்போடுவோம். அடுத்த தடவை இன்னும் அதிகமாக வரும்.

அந்தப் பொண்ணு இந்தச் சுழலில்தான் மாட்டியிருந்தாங்க. தண்ணீர் இல்லாதது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

13/
அதோடு நான் இரத்தப் பரிசோதனையும் செய்தேன். ஹீமோகுளோபின் 9.2. இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவும் முடி உதிர்வுக்கு ஒரு காரணமாகலாம்.

2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். ஆகவே முடி கொட்டுகிறது என்றவுடன் ஷாம்பூவை மாற்றுகிற பெண்கள், அதற்கு முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது.

14/
அடுத்து, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "டிரை ஷாம்பூ போட்டால் கேன்சர்" செய்தி. இதில் உண்மை எவ்வளவு?

2021 டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும், 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனமும் அமெரிக்காவில் சில ஸ்பிரே வகை டிரை ஷாம்பூக்களைத் தாமாகவே திரும்பப் பெற்றன. காரணம், அவற்றில் பென்சீன் கலந்திருந்தது. அதே 2022இல் வாலிஷூர் என்கிற அமெரிக்கப் பரிசோதனைக்கூடம், 34 பிராண்டுகளின் 148 பேட்ச்களைச் சோதித்து, 70 சதவீதத்தில் பென்சீன் இருந்ததாக அந்நாட்டு எஃப்டிஏவுக்கு மனு கொடுத்தது.

15/
பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். அதில் சந்தேகம் இல்லை. நீண்ட காலம், அதிக அளவில் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரை போகும்.

ஆனால் இரண்டு விஷயம். பென்சீன் டிரை ஷாம்பூவின் சேர்மானப் பொருள் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து வருகிற அந்த ஸ்பிரே வாயுவோடு ஒட்டிக்கொண்டு வந்த கலப்படம். கண்டறியப்பட்ட அளவில் உடல்நலப் பாதிப்பை எதிர்பார்க்கவில்லை, முன்னெச்சரிக்கைக்காகத்தான் திரும்பப் பெறுகிறோம் என்பது நிறுவனங்கள் சொன்னது.

என் கருத்து: எப்போதோ நாலு தடவை அடித்தவர் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் ஜன்னல் இல்லாத ஹாஸ்டல் பாத்ரூமில் நின்று, தினமும், வருடக்கணக்காக அடித்துச் சுவாசிப்பது தேவையில்லாத ரிஸ்க். தூள் வகையில் இந்த ஸ்பிரே வாயு கிடையாது. போட்டே ஆக வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

16/
கேன்சரைவிட உடனடியான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. நெருப்பு.

அந்த வாயு எளிதில் தீப்பற்றும். எரிகிற அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி பக்கத்தில் அடிக்காதீங்க. அடித்த கையோடு ஹேர் ஸ்ட்ரெயிட்னரை எடுக்காதீங்க. வெயிலில் நிறுத்திய காருக்குள், ஸ்கூட்டி டிக்கிக்குள் டப்பாவை விட்டு வைக்காதீங்க. நம்ம ஊர் மே மாத வெயிலில் அது வெடிக்கலாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கிற நோயாளி இருந்தால் அந்த அறையில் ஸ்பிரே என்கிற பேச்சே வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாசனையும் தூளும் இழுப்பைத் தூண்டலாம். ரூம்மேட்டுக்கு ஆஸ்துமா என்றால் வெளியே போய் அடிங்க.

17/
இப்படியெல்லாம் சொன்னதால் டிரை ஷாம்பூவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே அது உதவுகிற இடம் ஒன்று இருக்கிறது.

பக்கவாதத்தில் படுத்திருக்கிற அப்பா. இடுப்பு எலும்பு முறிந்து அசைய முடியாத பாட்டி. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் தலையில் தண்ணீர் ஊற்ற முடியாத அம்மா. படுக்கையை நனைக்காமல் தலையைக் கொஞ்சம் சுத்தமாக்கி, சீவிவிட்டு, "நான் இன்னும் மனுஷிதான்" என்கிற உணர்வைக் கொடுக்க அந்தத் தூள் உதவும். தூளாகப் போட்டு, பத்து நிமிடம் விட்டு, மெல்ல வாரி எடுத்துவிடுங்கள். தலையில் புண்ணோ தையலோ இருந்தால் மட்டும் கூடாது.

18/
பிள்ளை பெற்ற பெண்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, கவனிச்சீங்களா? வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை.

"தலைக்கு ஊத்தினா ஜன்னி வரும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்க விடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சளி வைரஸால் வருகிறது. அம்மாவின் ஈரத்தலையிலிருந்து பிள்ளைக்குப் போகாது. உங்கள் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குக் குளித்து, நன்றாகத் துவட்டிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு மாவு டப்பா தேவையில்லை. பத்து நிமிடம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆள்தான் தேவை.

19/
"எங்க பாட்டி ஷாம்பூவே போட்டதில்லை. முழங்கால் வரைக்கும் முடி." இந்தக் கமெண்ட் எப்படியும் வரும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி செய்தது எண்ணெய்க் குளியல். அதில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி எண்ணெய். இரண்டாம் பாதி, அன்றைக்கே சீயக்காயோ அரப்போ போட்டுத் தேய்த்து அந்த எண்ணெயை எடுப்பது. சீயக்காயில் இருக்கிற சப்போனின் நுரைத்து எண்ணெயை எடுக்கும். அதுவும் ஒரு ஷாம்பூதான்.

நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். ராத்திரி எண்ணெய், காலையில் அதன் மேலேயே பின்னல், ஹெல்மெட், பஸ் புழுதி, வியர்வை, கடைசியில் டிரை ஷாம்பூ. பாட்டி பார்த்தால் தலையில் குட்டுவாங்க.

20/
தேங்காய் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. அது முடித்தண்டுக்குள் ஊறி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்று ஆய்வே இருக்கிறது. குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில் தடவுங்கள், குளித்து எடுத்துவிடுங்கள். பொடுகும் அரிப்பும் இருக்கும்போது தலைத்தோலில் ஊற வைக்காதீங்க. முடிக்கு நல்லது எல்லாம் தலைத்தோலுக்கும் நல்லது என்று இல்லை.

ஷாம்பூ கெமிக்கல் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரும் கெமிக்கல்தான். இரண்டு நிமிடம் தலையில் இருந்து, அலசினால் போய்விடுகிற ஷாம்பூவுக்குப் பயந்து, பதினைந்து நாள் தலையிலேயே கிடக்கிற பிசுக்கை ஏற்றுக்கொள்வது என்ன நியாயம்?

21/
விலை உயர்ந்தது வேண்டுமா? வேண்டாம். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு ஏழை வீட்டுக்கும் கொண்டு போகலாம் என்று வழிகாட்டியவர் நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன். பெட்டிக்கடையில் தொங்குகிற அந்தச் சரத்தில் ஒன்றைக் கிழித்தால் போதும், தலை சுத்தமாகும். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற மாவு டப்பாவால் அந்த வேலை ஆகாது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தலை, வியர்க்கிற வேலை, ஹெல்மெட் போடுகிறவர் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுருட்டை முடி, வறண்ட தலை என்றால் வாரம் ஒன்றிரண்டு தடவை போதும். அரிப்பும் பிசுக்கும் வந்துவிட்டால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

22/
இப்போது அந்தப் பொண்ணின் கேள்விக்கு வருகிறேன். "நான் எப்ப மேடம் குளிக்கிறது?" இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம்.

• வாரம் இரண்டு நாள் மட்டும். அதில் ஒன்று வார விடுமுறை நாள்.
• ஷிஃப்ட் நாளில் ரூம்மேட் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைப்பாங்க. மூடி போட்டு. (மூடி முக்கியம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.)
• ஷாம்பூவை ஒரு மக் தண்ணீரில் கலக்கித் தலைத்தோலில் மட்டும் ஊற்றித் தேய்க்க வேண்டும். நகத்தால் இல்லை, விரல் நுனியால். நீளமான முடியைத் தனியாகக் கசக்க வேண்டாம். வழிகிற நுரையே போதும்.
• ஈரத்தோடு பின்னிவிட்டுத் தூங்கக் கூடாது. துவட்டி, விரித்து விட்டு, ஃபேனில் காய வைத்துவிட்டுத் தூக்கம்.

ஒரு வாளித் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு நிமிடம். முடிகிறது.

23/
மருந்து: கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ. வாரம் இரண்டு தடவை, தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். நிறைய பேர் போட்ட உடனே அலசிவிட்டு "வேலை செய்யல" என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் மருந்தே. நான்கு வாரம் கழித்து, வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கூடவே இரும்புச்சத்து மாத்திரை.

பொடுகு மறுபடி எட்டிப் பார்க்கும். கட்டுக்குள் வைக்கலாம், ஒரேயடியாக ஒழிக்க முடியாது. "நிரந்தரத் தீர்வு" என்று விற்கிற எதையும் நம்பாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு லோஷன் வாங்கித் தடவவும் வேண்டாம்.

24/
டிரை ஷாம்பூ போட்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு என் விதிகள்:

• வாரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை. அடுத்தடுத்த நாள் கூடாது.
• அதைக் கடன் மாதிரி நினைங்க. இன்றைக்கு வாங்கினால் நாளைக்கோ மறுநாளோ தலைக்குக் குளித்து அடைத்துவிட வேண்டும். கடன் மேல் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.
• ஸ்பிரே என்றால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில். சில நிமிடம் விட்டு நன்றாக வாரி எடுக்கவும். தலையில் வைத்துக்கொண்டே தூங்க வேண்டாம்.
• அரிப்பு, செதில், புண் இருந்தால் கூடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

25/
எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

• காசு அளவுக்கு வட்டமாக முடி போயிருந்தால்.
• குழந்தைக்குத் திட்டுத் திட்டாகச் செதில், முடி ஒடிந்து கரும்புள்ளியாகத் தெரிந்தால். இது படர்தாமரையாக இருக்கலாம். ஷாம்பூ மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும்.
• தடித்த வெள்ளிச் செதில் நெற்றியோரம் தாண்டி வந்தால். சோரியாசிஸாக இருக்கலாம்.
• சீழ், வலி, வீக்கம் இருந்தால்.
• நான்கு வாரம் பொடுகு ஷாம்பூ ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால்.

டெங்கு, டைபாய்டு, பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீங்க.

26/
இப்போது மருத்துவத்தைத் தாண்டி ஒரு விஷயம்.

"நேரம் மிச்சம்" என்று சொல்லித்தான் இந்த டப்பாவை விற்கிறார்கள். யாருடைய நேரம்? ஆண்கள் ஐந்து நிமிடத்தில் தலைக்குக் குளித்துவிட்டுப் போய்விடுகிறோம் என்பீர்கள். சரி. ஆனால் பெண்ணுக்கு முடி நீளமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வீடு, அந்த முடியைக் கழுவ அவளுக்கு நேரம் கொடுக்கிறதா? மாதம் ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகிற ஹாஸ்டல் தண்ணீர் கொடுக்கிறதா? விடிய விடிய வேலை வாங்குகிற கம்பெனியில் ஒரு குளியலறையாவது இருக்கிறதா?

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டமே வந்தது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. தண்ணீர் கேட்பது சலுகை இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற உரிமை. தனியாகக் கேட்டால் "வேற ஹாஸ்டல் பாரு" என்பார்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

27/
முடியை வெட்டிக்கொள்வதும் ஒரு வழிதான். தோள் வரை வெட்டிக்கொள்ள விரும்புகிற பெண்ணை, "அச்சச்சோ, லட்சணமே போச்சு" என்று அழ வைக்காதீங்க. நீளமாக வளர்க்க விரும்புகிறவரைக் கேலி செய்யவும் வேண்டாம். அவங்க தலை, அவங்க முடிவு.

28/
நேற்று அந்தப் பொண்ணு மறுபடி வந்தாங்க. வகிடெடுத்துப் பார்த்தேன். செதில் இல்லை, சிவப்பு இல்லை. ஹீமோகுளோபின் 10.6. உதிர்வு குறைந்திருக்கிறது, முழுசாக நிற்க இன்னும் சில மாதம் ஆகும் என்று சொன்னேன்.

"ஹாஸ்டல்ல எட்டுப் பேரா சேர்ந்து ஓனர்கிட்ட கேட்டோம் மேடம். இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கும் அரை மணி நேரம் மோட்டார் போடுறாங்க."

"டிரை ஷாம்பூ?"

சிரிச்சாங்க. "ஒரு டப்பா பையில இருக்கு மேடம். அவசரத்துக்கு."

"இருக்கட்டும்மா" என்றேன். முதல் தடவை மாதிரி தூக்கிப் போடச் சொல்லவில்லை.

29/
சுருக்கமாக:

தலைத்தோலும் தோல்தான், அதற்குத் தண்ணீர் வேண்டும். டிரை ஷாம்பூ விஷமும் இல்லை, குளியலும் இல்லை. அவசரத்துக்குப் போடலாம், பழக்கமாக்கக் கூடாது. முடி கொட்டினால் ஷாம்பூவை மாற்றும் முன் இரத்தத்தைப் பாருங்கள். வீட்டிலோ ஹாஸ்டலிலோ ஒரு பெண் தலைக்குக் குளிக்க நேரமில்லை என்றால், அவளுக்கு அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

சந்தேகங்களைக் கமெண்டில் கேளுங்கள், ஓபி முடிந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். இன்பாக்ஸில் போட்டோ அனுப்பி மருந்து கேட்க வேண்டாம், நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன். ஹாஸ்டலில் இருக்கிற தங்கைகளுக்கு இந்த இழையைப் பகிருங்கள். முடிந்தால் ஹாஸ்டல் ஓனருக்கும்.